நீங்கள் சுவைத்தால் இவர் பார்ப்பார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். வீட்டில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறேன். காலையில் குளித்து விளக்கேற்றி, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஊற வைத்த அரிசியில் கை வைப்பேன். எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அதைவிடப் பெரிய தயக்கம், இதில் வருகிற யாருமே கெட்டவர்கள் இல்லை என்பது. ஸ்வீட் கடைக்காரர் தங்கமான மனுஷர். டிரஸ்ட் சார் எங்களுக்குச் செய்த உதவியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். பிரசாதத்தைப் பற்றி வேறு பேச வேண்டியிருக்கிறது. நாக்கு கொஞ்சம் பிசகினாலும் தெய்வ குத்தம் ஆகிவிடும்.

ஆனால் போன பிரதோஷத்துக்குக் கோயில் வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்ற ஒரு அம்மா என்னிடம் என் கதையையே சொன்னார்கள். நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

"இந்த ஊர்ல ஒரு ஆட்டோக்காரருக்கு ரெண்டு கண்ணும் போயிடுச்சாம். தினம் ஒரு லட்டு, பிரசாதமா நினைச்சி சாப்பிட்டாராம். பார்வை வந்துடுச்சாம். எல்லாம் நம்பிக்கைதாம்மா" என்றார்கள். அவர்கள் வீட்டுக்காரருக்கும் சக்கரை இருக்கிறதாம். அவருக்கும் லட்டு வாங்கிக் கொடுக்கப் போகிறார்களாம்.

வரிசை நகர நகர நடந்ததை அவர்களிடம் சொல்லிக்கொண்டே போனேன். பாதிதான் சொல்ல முடிந்தது, சன்னதி வந்துவிட்டது. கும்பிட்டுத் திரும்பிப் பார்த்தால் அந்த அம்மாவைக் காணோம். அதனால் முழுசையும் இங்கே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டினார். பஸ் ஸ்டாண்டிலிருந்து செங்கம் ரோட்டில் ஆசிரமம் வரைக்கும் போவார், வருவார். சக்கரை வியாதி அவருக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. முதலில் கண்ணில் புகை மாதிரி இருக்கிறது என்றார். பிறகு எதிரில் வருகிற லைட்டெல்லாம் பூ மாதிரி விரிகிறது என்றார். ஒருநாள் ரோட்டோரம் நின்ற மாட்டைச் சவாரி என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டி, "ஆசிரமமா?" என்று கேட்டிருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய்விட்டார்கள். அன்றைக்கே வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினார்.

அந்த வருஷக் கார்த்திகை தீபத்துக்கு எங்கள் மொட்டை மாடியில் தெருவே நின்றது. மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் எல்லோரும் அரோகரா போட்டோம். அவரும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. நான் திரும்பிப் பார்த்தால், அவர் மலையைப் பார்க்கவே இல்லை. வேங்கிக்கால் பக்கம் இருக்கிற செல்போன் டவரின் சிவப்பு விளக்கைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். "தெரியுதாங்க?" என்றேன்.

"நல்லாத் தெரியுதுமே" என்றார். தெரியவில்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த தீபத்துக்குள் இந்த மனுஷனுக்கு ஜோதி தெரியணும், அண்ணாமலையாரே, என்று அங்கேயே வேண்டிக்கொண்டேன். இந்தக் கதை முழுக்க எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்தார்கள். புரை முற்றியிருக்கிறது, சக்கரை கண்ணுக்கு உள்ளேயும் போயிருக்கிறது, ஆபரேஷனும் பண்ண வேண்டும், உள்ளே ஊசியும் போட வேண்டும் என்றார்கள். "ஆனா முதல்ல சக்கரை இறங்கணும். இறங்கி நிக்கணும். அதுக்கு அப்புறம்தான் கத்தி" என்றார்கள். மாவு விற்கிற காசில் ஆகிற காரியமாக இல்லை. அங்கே இருந்த நர்ஸ்தான் டிரஸ்ட் சாரைப் போய்ப் பார்க்கச் சொன்னது.

டிரஸ்ட் சார் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். ஒல்லியாக இருப்பார், மழை இல்லாவிட்டாலும் கையில் குடை இருக்கும். சக்கரையால் கண் போகிறவர்களுக்கு வைத்தியம் பார்க்கவென்றே நாலு பேரோடு சேர்ந்து அந்த டிரஸ்டை நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "கவலைப்படாதீங்கம்மா, ஒரு நல்ல மனுஷர் முன்வந்திருக்கார். அவர் கடையில விக்கிற ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு பங்கு நமக்குக் கொடுக்கிறேன்னு சொல்லியிருக்கார்" என்றார்.

"இன்னா கடை சார்?"

"ஸ்வீட் கடை."

நான் அவரைப் பார்த்தேன். அவர் குடையைப் பார்த்தார்.

"நான் காய்கறிக் கடையில கேட்டேம்மா. கீரையில என்னா சார் லாபம், நான் உங்களுக்கு வேற கொடுக்கிறதுக்குன்னாரு. உடற்பயிற்சி சொல்லித் தர்ற இடத்துல கேட்டேன். அவங்களே கடன்ல இருக்காங்களாம். இவர் ஒருத்தர்தான் நான் கேக்கிறதுக்கு முன்னாடியே சரின்னார்."

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "நல்ல மனுஷன் சார் அவரு. அவர் கடை ஜாங்கிரி இருக்குதே" என்றார். நான் திரும்பினேன். பேச்சை நிறுத்திக்கொண்டார்.

டப்பாவில் போடுவதற்கு இவரைப் போட்டோ எடுத்தார்கள். போட்டோக்காரருக்குத் திருப்தியே வரவில்லை. "ஐயா கண்ணு பார்க்க நல்லாத்தான் சார் இருக்குது, ஜனங்க நம்ப மாட்டாங்க" என்று ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டார். கண்ணாடி போட்டதும் இவர் மாநாட்டுக்குப் போகிற கட்சிக்காரர் மாதிரி ஆகிவிட்டார். அப்புறம் ஒரு கோலை எங்கிருந்தோ கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். அதற்கு அப்புறம்தான் போட்டோக்காரர் "ஆங்" என்றார். டப்பா வந்தது. மூடியில் ஒரு பக்கம் மலை, நடுவில் லட்டுக் குவியல், இன்னொரு பக்கம் கோலோடு இவர். கீழே பெரிய எழுத்தில், "நீங்கள் சுவைத்தால் இவர் பார்ப்பார்."

எதிர் வீட்டு ஆப்பாவிடம் காட்டினேன். தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார்கள். அவர்கள் குடும்பம் நாங்கள் வருவதற்கு ரொம்ப முன்னாலிருந்து அந்தத் தெருவில் இருக்கிறது. அக்கா என்கிற அர்த்தத்தில் எல்லோரும் அவர்களை ஆப்பா என்றுதான் கூப்பிடுவோம். மூக்குக் கண்ணாடியை இறக்கி மூடியைப் படித்துவிட்டு, "அப்ப ஊர்ல எவனும் துன்னலன்னா உன் வூட்டுக்காரரு குருடாவே கிடக்க வேண்டியதா?" என்றார்கள்.

"அப்படி இல்ல ஆப்பா, அது ஒரு இதுக்குப் போட்டிருக்காங்க."

"எதுக்கு?"

நான் டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஸ்வீட் கடைக்காரருக்குப் பக்தி ஜாஸ்தி. முதல் அடுப்பில் போட்ட லட்டை எல்லாம் கடையில் இருக்கிற அண்ணாமலையார் படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் அடுக்கி, மணி அடித்து, சூடம் காட்டினார். "இனிமே இது ஸ்வீட் இல்லீங்க, பிரசாதம்" என்றார். முதல் லட்டை எடுத்து இவர் கையில் கொடுத்தார். போட்டோவும் எடுத்தார்கள். நான் சும்மா இருக்க முடியாமல், "இவருக்குச் சக்கரை இருக்குதுங்க அண்ணா" என்றேன்.

"பிரசாதத்துல சக்கரை ஏதும்மா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னார். என் வீட்டுக்காரரும் மனசாரச் சாப்பிட்டார்.

சித்ரா பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் பந்தல் போட்டார்கள். இவருக்குச் சால்வை போர்த்தி முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். யார் எப்போது ஆரம்பித்தார்களோ தெரியாது, டப்பா வாங்கினவர்களில் ஒருத்தர், இவருக்குக் கொடுத்துவிட்டு நாம் சாப்பிட்டால் புண்ணியம் என்று தன் லட்டிலிருந்து ஒரு துளி கிள்ளி இவர் வாயில் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒருத்தர் ஒரு கல்லைக் கும்பிட்டால், பின்னால் வருகிறவர் அதற்குப் பூ வைப்பார், அதற்குப் பின்னால் வருகிறவர் பொட்டு வைப்பார். அதே மாதிரி, வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்று இவருக்கு ஊட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரி கண்ணை மூடிக்கொண்டு, இதுவும் கிரிவலத்தில் ஒரு சடங்கு என்று நினைத்து ஊட்டிவிட்டு, காலில் விழுந்து எழுந்து போனது. ஒவ்வொன்றும் துளிதான். ஆனால் பௌர்ணமிக் கூட்டம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து, "போதும்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"பிரசாதம்மே. வாயில வைக்கும்போது வேணாம்னு எப்படிச் சொல்றது? யாருன்னு கூட எனக்குத் தெரியலையே. அந்தச் சாமியே வந்து வச்சாலும் எனக்குத் தெரியாதே."

நான் அவர் தோளில் இருந்த சால்வையை எடுத்து மடித்து வைத்தேன்.

டாக்டரம்மா ரத்தம் பார்த்துவிட்டு, சக்கரை ஏறியிருக்கிறது, அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த மாசமும் பௌர்ணமி வந்தது. வைகாசி போனது, ஆனி போனது. ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா, "வீட்ல என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?" என்று என்னைத்தான் திட்டினார்கள். வீட்டில் அவருக்குக் கேழ்வரகுக் களியும் கீரையும்தான். வெளியே அவர் ஊருக்கே பிள்ளையாக இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

நடுவில் ஆடியில் ஒரு நாள், டிரஸ்ட் சார் ஸ்வீட் கடையிலேயே இலவசமாகச் சக்கரை பார்க்கிற கேம்ப் வைத்தார். நல்ல கூட்டம். ஜனங்கள் வெயிலில் நிற்கிறார்களே என்று கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் தொன்னையில் சூடாக அல்வா கொடுத்தார். அதை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அதே விரலைத் துடைத்துக்கொண்டு ஊசி குத்திக்கொள்ள நீட்டினார்கள். பார்த்தவர்களுக்கெல்லாம் சக்கரை ஜாஸ்தி என்று வந்தது. டிரஸ்ட் சார் லிஸ்டை இரண்டு தடவை பார்த்தார். "ஊரே இப்படி இருக்குதே, நாம பண்றது பத்தாது" என்று அன்றைக்கே கடைக்காரரிடம் இன்னும் டப்பா அடிக்கச் சொன்னார்.

ஆப்பாவும் வந்திருந்தார்கள். தொன்னையைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "வாசல்ல கொடுத்து உள்ளே புடிக்கிறாங்கம்மா. நல்ல ஏற்பாடு" என்றார்கள்.

நான் டிரஸ்ட் சாரைத் தனியாகக் கூப்பிட்டேன். "சார், இவருக்கு வேண்டிய பணம் சேர்ந்துடுச்சா?"

"அது எப்பவோ சேர்ந்துடுச்சும்மா. சக்கரைதான் இறங்க மாட்டேங்குது."

"அப்ப இந்த டப்பாவை நிறுத்திடலாமே சார்."

"நிறுத்தினா அடுத்த பேஷண்டுக்கு?"

"அவங்களுக்கும் சக்கரைதான சார்?"

சார் குடையை விரித்தார், மடக்கினார். "நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா நான் என்ன பண்றதுன்னு எனக்குப் புரியல" என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கடைக்காரரிடம் போனேன். சூடம் காட்டாமல் விற்றால் இவராவது வேண்டாம் என்று சொல்ல முடியுமே என்று கேட்டேன். அவர் அதிர்ந்து போனார். "கஷ்டப்படுறவங்க பேரைச் சொல்லி வெறும் ஸ்வீட்டை விக்கிறதாம்மா? அது பாவம் இல்லையா?" என்றார். அந்த வருஷம் முழுக்க எல்லோரும் எனக்குச் சரியான பதிலாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் சண்டை வந்தது. தை மாசம் சாமியும் அம்பாளும் தெருவிலேயே ஊடல் பண்ணிக்கொள்கிற ஊர் இது, எங்கள் சண்டை எம்மாத்திரம். "உங்களுக்கு ஜோதி பெருசா, லட்டு பெருசா?" என்று கேட்டுவிட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "எனக்கு இப்ப ரெண்டுமே உருண்டையா மஞ்சளாத்தான் தெரியும்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மாவு அரைக்கப் போனேன்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அம்பாள் சன்னதியில் நின்று, தாயே, கார்த்திகை வருகிறதே, ஒரு வழி காட்டக் கூடாதா என்று கேட்டேன். தீபத்தன்று சாயங்காலம், மலையில் ஜோதி ஏற்றுகிற அந்த நேரத்துக்கு மட்டும் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருவார். ஆடிக்கொண்டே வந்து ஒரு நிமிஷம் காட்சி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அம்பாள் தவம் இருந்து சாமி உடம்பில் இடது பாதியை வாங்கியது இந்த ஊரில்தான். அது ஞாபகம் வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெண்டாட்டி என்பவள் பாதி உடம்பு. அவருக்குக் கொடுக்கிற பிரசாதத்தை நான் சாப்பிட்டால் அவர் சாப்பிட்ட மாதிரிதானே. பிரசாதத்தை வேண்டாம் என்று சொன்ன பாவமும் இல்லை, அவருக்குச் சக்கரையும் ஏறாது. அம்பாளே சொன்ன மாதிரி இருந்தது. இன்றைக்கும் நான் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் முழுசாகக் கேட்டுக்கொள்ளாமல் ஓடி வந்துவிட்டேனோ என்று ஒரு சந்தேகம்.

கடைக்காரரிடம் சொன்னேன். அவர் கண் கலங்கி என்னைக் கும்பிட்டார். "இந்த ஊர்ல பொறந்துட்டு எனக்கு இது தோணலையேம்மா" என்றார். டிரஸ்ட் சார், "விஞ்ஞானப்படியும் சரிதான், அவர் சாப்பிடலைன்னா ஏறாது" என்றார். என் வீட்டுக்காரர் மட்டும், "முழுசும் நீயா? பாதின்னா பாதிதான?" என்றார்.

"ஜீரணம் ஆகிற பாதி என்கிட்ட இருக்குது. நீங்க சும்மா இருங்க" என்றேன்.

ஆவணிப் பௌர்ணமிக்குப் பந்தலில் ஒரு சிக்கல் வந்தது. நான் இடது பாதி என்பதால் அவருக்கு இடது பக்கம் நின்றேன். கடைக்காரர் லட்டை நீட்டினவர், கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அம்மா, ஒரு சந்தேகம். நீங்க இடது பாதின்னா, உங்க வலது கை யாருது?" என்றார்.

கூட்டம் நின்று கேட்டது. எனக்கும் குழப்பமாகிவிட்டது. வலது கை அவருடையது என்றால் நான் அதில் வாங்கக் கூடாது. இடது கையில் பிரசாதம் வாங்குவது வழக்கமே இல்லை. கிரிவலம் வந்த ஒரு பெரியவர் நின்று, அர்த்தநாரீஸ்வரருக்கு எந்தக் கையில் நைவேத்தியம் என்று யோசிக்க ஆரம்பித்தார். இன்னொருத்தர் இல்லை என்று வாதம் பண்ணினார். பின்னால் வருகிறவர்களுக்கு வழி அடைத்துக்கொண்டது. போலீஸ்காரர் ஒருத்தர் வந்து என்னவென்று கேட்டு, அவரும் யோசித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் என் வீட்டுக்காரர்தான், "இன்னாய்யா இது, என் வலது கையில குடு" என்று வாங்கி, நான் நிற்கிற பக்கம் குத்துமதிப்பாக நீட்டி, முதலில் என் மூக்கில் இடித்து, பிறகு வாயில் வைத்தார். கூட்டம் அரோகரா போட்டது. போட்டோக்காரர் எடுத்துவிட்டார்.

அந்தப் போட்டோதான் அடுத்த டப்பாவில் வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட புருஷன் பெண்டாட்டிக்கு லட்டு ஊட்டுகிறான், பின்னால் மலை. கீழே அதே எழுத்து. ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கண் வைத்தியம் என்பது அவர்களுக்கு மறந்தே போனது. கல்யாண வீடு, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் எல்லாவற்றுக்கும் அந்த டப்பாதான். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து வாங்கினார்கள். மாவு வாங்க வருகிற பெண்கள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "அக்கா, எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது, இது வரைக்கும் ஒரு வாய் ஊட்டினதில்ல" என்று ஒருத்தி சொன்னாள்.

நான் சாப்பிட்டேன். பௌர்ணமிக்குச் சாப்பிட்டேன், கடை விழாவுக்குச் சாப்பிட்டேன், டப்பா வாங்கின வீடுகளிலிருந்து இவருக்கென்று கொடுத்துவிட்டதையும் சாப்பிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் அவர் பேரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் கொஞ்ச நாள் ருசியாகவும் இருந்தது. பிறகு தண்ணீர் தாகம் எடுத்தது. கிரைண்டர் சூட்டில் அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குச் சக்கரை இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டரம்மா முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "இப்பதான் வீட்ல கவனிக்கிறீங்க" என்றார்கள்.

ஐப்பசியில் ஆபரேஷன். வலது கண்ணுக்கு முதலில் என்றார்கள். உள்ளே போவதற்கு முன்னால் இவர் என் கையைப் பிடித்து, "வலதுன்னா என் பாதி, பயமில்ல. இடது கண்ணு உன்னுது, அதுக்கு நீ வேண்டிக்கோ" என்றார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கண்ணுக்குமே வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். டாக்டரம்மா, டிரஸ்ட் சார், கடைக்காரர் எல்லோரும் நின்றோம். கடைக்காரர் கையில் டப்பா வைத்திருந்தார், நல்ல காரியமாயிற்றே என்று. இவர் கண்ணைச் சிமிட்டி, சுவரைப் பார்த்தார், காற்றாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாமே, இப்படி ஊதிட்ட?" என்றார்.

பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து முழுசும் குடித்தேன். அதுவும் பத்தாமல் டிரஸ்ட் சார் பாட்டிலையும் வாங்கிக் குடித்தேன். நர்ஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. "அம்மா, விரலை நீட்டுங்க" என்றது.

மெஷினைப் பார்த்த டாக்டரம்மா கடைக்காரர் கையில் இருந்த டப்பாவை வாங்கி மூடியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி மூடியைப் பார்த்தார்கள். பிறகு அந்த அறையில் இருந்த எல்லோரையும், என்னையும் சேர்த்துத்தான், நன்றாகத் திட்டினார்கள். இவ்வளவு படித்த அம்மா அவ்வளவு சாதாரண வார்த்தையில் திட்டினது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

டாக்டரம்மா போய்விட்டார்கள். கடைக்காரர் அழுதுவிட்டார். டிரஸ்ட் சார் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றவர், தயங்கித் தயங்கி, "அம்மா, நீங்களும் இப்ப நம்ம டிரஸ்ட் பேஷண்ட்தான். உங்க வைத்தியத்துக்கு... அடுத்த டப்பாவுல..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததும் அவருக்கே அது கேட்டுவிட்டது. வாயை மூடிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர், "அப்படி விக்கணும்னா கீரை வில்லுங்க சார்" என்றார்.

கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கீரைக் கட்டுல போட்டோவை எங்கீங்க ஒட்டுறது?" என்று நிஜமான கவலையோடு கேட்டார்.

ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது இவர் என் காதில், "கவலைப்படாதே. இனிமே உன் பங்கையும் நான் துன்னுடுறேன்" என்றார். நான் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். ஓட்டினவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "டப்பாவுல வர்றவங்கதான நீங்க?" என்றார்.

கார்த்திகை தீபம் வந்தது. மொட்டை மாடியில் மறுபடி தெருவே நின்றது. நான் அவர் பக்கத்திலேயே நின்றேன், இடது பக்கம்தான். மலை இருட்டாக இருந்தது. திடீரென்று உச்சியில் ஜோதி எழும்பியது. நான் ஜோதியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். நான் திருப்பிவிட வேண்டியிருக்கவில்லை. அவராகவே மலையைப் பார்த்து நின்றார். கை தலைக்கு மேலே போனது. "ஆடுதுமே" என்றார். "ஜோதி ஆடுது." காற்றில் ஜோதி ஆடுவது கூடத் தெரிகிறது என்றால், என் வேண்டுதல் அங்கேயே நிறைவேறிவிட்டது.

கும்பிட்டு முடித்ததும் இந்தப் பக்கம் திரும்பி, வேங்கிக்கால் டவரின் சிவப்பு விளக்கைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டார்.

"அது இன்னாத்துக்கு?" என்றேன்.

"கண்ணு தெரியாதப்ப அதுதான என் கும்பிடை வாங்கிச்சு. இப்ப தெரியுதுன்னு விட்டுட முடியுமா?"

அன்றைக்கு ஸ்வீட் கடைக்காரர் கார்த்திகைக்கு என்று பொரி உருண்டை டப்பா கொடுத்துவிட்டிருந்தார். சூடம் காட்டினது. இவரும் சாப்பிட முடியாது, நானும் சாப்பிட முடியாது, குப்பையில் போடவும் முடியாது. அகல் விளக்கெல்லாம் மலையேறின பிறகு, வேப்ப மரத்தடியில் உதிர்த்துப் போட்டேன். எறும்பு வந்து வரிசையாக எடுத்துக்கொண்டு போனது. ஆப்பா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "அதுங்களுக்கும் கேம்ப் வைப்பாங்களா?" என்றார்கள்.

இப்போது இவர் மறுபடி வண்டி ஓட்டுகிறார். இடது கண்ணுக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டது. நான் காலையிலும் ராத்திரியிலும் மாத்திரை போடுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து களி சாப்பிடுகிறோம். டிரஸ்ட் நடக்கிறது. கடைக்காரரும் பாவம் பார்த்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். டப்பாவில் இப்போது மலைப் படம் மட்டும் இருக்கிறது.

இதைப் படித்தவர்களுக்கு ஒரு விண்ணப்பம். சக்கரை இருக்கிற யாருக்காவது இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் கட்டாயம் சொல்லுங்கள். அந்த வரிசையில் பார்த்த அம்மாவைச் சந்தித்தால் அவர்களுக்கும் மீதிப் பாதியைச் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள், சோடிக்க வேண்டாம். லட்டு கண்ணைத் திறந்தது என்று சேர்க்காதீர்கள். கடைக்காரர் ஏமாற்றினார் என்றும் சேர்க்காதீர்கள். அம்பாள் கைவிட்டாள் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. இவர் இதைப் படித்துப் பார்த்துவிட்டு, டவரைக் கும்பிட்டதை எடுத்துவிடு, ஜனங்கள் சிரிப்பார்கள் என்றார். நான் எடுக்கவில்லை. நீங்களும் எடுக்காதீர்கள்.